காப்பிக் களத்தில் ஒரு பீம்

பெண்களுக்கான ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு கருவிகள். ஓடிவந்து கையூன்றித் தாண்டுகிற வால்ட். உயரமாக ஒன்றும் தாழ்வாக ஒன்றுமாக இரண்டு கம்பிகள். பீம் என்கிற நீளமான கட்டை. கடைசியாக, தரை. தரையையும் ஒரு கருவியாகச் சேர்த்திருப்பதைப் படித்தபோதுதான் இந்த விளையாட்டை ஏற்படுத்தியவர்கள் விவரமானவர்கள் என்று தெரிந்தது. ஏற்காட்டில் பிறந்து ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு, சமமான தரை சும்மா கிடைக்கிற பொருள் இல்லை என்று நன்றாகத் தெரியும். பன்னிரண்டு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் தட்டையான இடம் எங்கள் ஊரில் எங்காவது இருந்தால் அதன்மேல் யாரோ ஏற்கெனவே லாட்ஜ் கட்டியிருப்பார்கள். வால்ட்டுக்கு இருபத்தைந்து மீட்டர் ஓடிவர வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து நேராக ஓடினால் ஆறாவது மீட்டரில் வேலி. மிச்சம் பத்தொன்பதும் காற்றில்.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் மகள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த பி.டி. டீச்சர் என்னை வரச் சொன்னார். தினமும் காலை பஸ்ஸில் சேலத்திலிருந்து மலையேறி வருபவர். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். எந்தக் கண்ணாடியை உடைத்தாளோ என்று மனத்துக்குள் ஜன்னல்களை அளந்துகொண்டே போனேன்.

“உங்க பொண்ணுக்கு பயமே இல்லீங்க சார்” என்றார்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர், சொல்லி வைக்கறேன்” என்றேன்.

அவர் பாராட்டியிருக்கிறார் என்பது எனக்கு வெளியே வந்து படியிறங்கிய பிறகுதான் புரிந்தது.

பயமின்மை என் பக்கத்திலிருந்து வந்திருக்க முடியாது. சேலம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பது வருடமாகப் பஸ்ஸில் போய்வருகிறேன். இன்றும் வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் நான் துஆ ஓதுவதாக நினைத்து மரியாதையாக நகர்ந்து இடம் தருவார்கள். பாதி நேரம் ஓதவும் செய்வேன்.

ஆகவே பயந்தவன் செய்கிற காரியத்தை நானும் செய்தேன்: படித்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, குழாய், சிமென்ட், தாழ்ப்பாள், கொத்தனார் சாமான். மழைநாளில் ஆள் வராது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கதைப் புத்தகங்கள் படித்துவந்தவன், அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, போனில் ஜிம்னாஸ்டிக்ஸ் விதிகளை இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். புதிதாக வருகிற தகப்பன்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். என்னென்ன வித்தைகள் செய்தாய் என்பதற்கு ஒரு மதிப்பெண். அவற்றை எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கு இன்னொன்று. அது பத்தில் தொடங்கி, கீழே மட்டும்தான் போகும். சின்னத் தப்புக்கு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு, நடுத்தரத்துக்கு மூன்று பங்கு, பெரியதற்கு ஐந்து. விழுந்தால் முழுசாக ஒரு மதிப்பெண் போய்விடும். நன்றாகச் செய்ததற்குக் கூட்டுவதே கிடையாது. படித்து முடித்ததும், நான் இதுவரை பார்த்ததில் என் மாமியாரின் மதிப்பீட்டு முறைக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று தோன்றியது.

கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. மனைவி டீ கொண்டுவரும்போது தம்ளர் லேசாகத் தளும்பினால் மனத்துக்குள் ஒரு பங்கு கழிப்பேன். கடைக்கு வருபவர் படியில் தடுக்கிச் சமாளித்தால் மூன்று. ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். “உங்க தொப்பைக்கு எத்தனை கழிப்பாங்க?” என்று மனைவி கேட்டாள். விதிகளில் அதற்கு இடம் இல்லை என்று படித்துக் காட்டினேன்.

உடை விஷயத்தில் வீட்டில் பெரிய விவாதம் வரும் என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டுக் காத்திருந்தேன். வரவே இல்லை. கணுக்கால்வரை மூடுகிற உடைக்கு அனுமதி உண்டு என்பதை மனைவியே டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அளவும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். “நீங்க கவலப்பட்டு முடிக்கறதுக்குள்ள துணியே வந்துரும்” என்றாள். வந்தது.

மிச்சமிருந்தது பீம். ஐந்து மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம். டேப்பில் அளந்து குறித்து, என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விரல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இதன்மேல் நடந்து, திரும்பி, கார்ட்வீல் போட வேண்டும். கார்ட்வீல் என்றால் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கை, மறு கை, ஒரு கால், மறு கால் என்று வண்டிச் சக்கரம் போல உருள்வது. தரையில் எந்தப் பிள்ளையும் போடும். கட்டைமேல் போடும்போது, தலைகீழாக இருக்கிற ஒரு நொடியில், காலுக்கு அடியில் கட்டை இருக்கிறது என்று நம்பித்தான் கீழே இறக்க வேண்டும், பார்க்க முடியாது.

மலைமேல் பீம் கிடையாது. சேலத்தில் ஒரு அரங்கில் இருந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஏற்பாட்டில் இறங்கிப் போவோம். அது போதாது, இங்கேயே தாழ்வாக ஒன்று செய்துவையுங்கள் என்றார் டீச்சர். மாரமங்கலத்துக்காரர் ஒருவர் என் கடையில் வாடிக்கை. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மிச்ச நேரத்தில் மர வேலை. அவரிடம் சொன்னேன். சில்வர் ஓக் மரத்தில் ஐந்து மீட்டருக்குக் கணு இல்லாத ஒரு கட்டையைத் தேடிப் பிடித்து, இழைத்து, முழங்கால் உயரத்துக்கு நான்கு கால் வைத்து, மேலே பழைய கம்பளம் ஒட்டிக் கொண்டுவந்தார்.

“நாலு காலும் ஒரே அளவுங்க பாய். ஒரு நூல் வித்தியாசம் இருந்தா என்னைய கேளுங்க.”

அளந்து பார்த்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை.

போடுவதற்கு இடம்? வீட்டுப் பின்னால் வேலி என்று சொல்லிவிட்டேன். பள்ளி மைதானம் மழைக்காலத்தில் வயல். கடைசியில் நாகலூர் வழியில் ஒரு சின்ன எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் கைகொடுத்தார். காப்பிக்கொட்டை காயப்போடுகிற சிமென்ட் களம் அங்கே இருந்தது. பழம் பறிப்பு தொடங்கும்வரை சும்மாதான் கிடக்கும். “பழம் வந்துருச்சுன்னா எடுத்துரணும் பாய். அதுவரைக்கும் கொழந்த ஆடட்டும்” என்றார்.

களம் வழவழவென்று, பார்க்கப் பார்க்க மேஜை மாதிரி தட்டையாக இருந்தது. ஏற்காட்டிலேயே இதுதான் சமமான இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு முனை பழத்தைத் தோலுரிக்கிற பல்பர் கொட்டகைப் பக்கம், மறுமுனை மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பார்த்து இருக்கும்படி பீமைப் போட்டோம். இரு புறமும் பழைய மெத்தைகள். ஏதாவது ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு செய்யச் சொன்னார் டீச்சர். மகள் அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். கொட்டகையிலிருந்து மரத்துக்கு, கொட்டகையிலிருந்து மரத்துக்கு என்று எட்டு மாதம்.

முதலில் நடந்தாள். பிறகு திரும்பினாள். நூறு தடவை விழுந்த பிறகு ஒருநாள் கார்ட்வீல் வந்தது. அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தது. வாரம் முழுக்கப் போட்டாலும் ஒருமுறை விழுந்தால் அதிகம். நான் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மாலைக்குள் எனக்குத்தான் களைப்பாக இருக்கும்.

சேலத்தில் பள்ளிகளுக்கான போட்டி ஒன்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அரங்கிலிருந்த நிஜமான பீமில் முதல் முறையாகக் கார்ட்வீல் போடச் சொன்னார் டீச்சர். அது அவள் நெஞ்சு உயரம். ஏறினாள், நடந்தாள், சாய்ந்தாள், விழுந்தாள். மறுபடி ஏறினாள், விழுந்தாள். மூன்றாவது முறை முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள். “அத்தா, அந்த பீமு மேடா இருக்கு.”

“என்ன மேடு?”

“ஏறுது. கால் எறங்கறதுக்குள்ள கட்டை வந்துருது.”

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. அவளுக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். உயரம் மனத்தில் பயத்தை உண்டாக்கும். பயம் உடம்பை ஏமாற்றும். உடம்பு, கட்டை ஏறுவதாக நினைத்துக்கொள்ளும். எல்லாம் மனசு என்றேன். எங்கெங்கோ படித்ததையெல்லாம் கோத்துப் பேசினேன். வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சரும் உயரம்தான் காரணம் என்றார். போட்டி நெருங்கியதால் அடுத்து வந்த ஞாயிறும் போனோம். அன்றும் விழுந்தாள். அதற்கடுத்த ஞாயிறு விழக்கூட இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு கட்டைமேல் நின்றாள், சாயவே இல்லை, குதித்து இறங்கிவிட்டாள். அது விழுவதைவிட மோசம் என்பது டீச்சர் முகத்தில் தெரிந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மார்க் போனா போகுதுங்க சார். ஆனா பயந்து ஒரு தடவ விட்டுட்டா, திரும்ப எடுக்கறது நொம்ப கஷ்டமுங்க. என்னோட ஆடுன பொண்ணு ஒருத்தி அப்படி விட்டவதான். அப்புறம் பீம் பக்கமே போகல.”

அன்று மாலை மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “போட்டியில நா நடந்துட்டு திரும்பிட்டு எறங்கிர்றேன். கார்ட்வீல் வேண்டாம். எனக்கு நம்மூர்லதான் வருது. வெளிய வராது.”

பதினோரு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி அப்படி ஒரு தீர்ப்பைச் சாதாரணமாக, அப்பளம் வேண்டாம் என்பது போலச் சொன்னாள். நான் என்னைப் பற்றிக் காலமெல்லாம் சொல்லிவந்த வாக்கியம்தான் அது. ஊரில் பேசுவேன், மேடையில் வராது. காகிதத்தில் வரும், வாயில் வராது. அதை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. களத்தில் நாலைந்து கார்ட்வீல் போட்டாள். எல்லாம் பிசகில்லாமல் வந்தன. திடீரென்று மழை கொட்டியது. பீமைத் தார்ப்பாயால் மூடிவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினோம். அவள் ஒரு மூலையில் சாக்குமேல் உட்கார்ந்து பாடம் படித்தாள். நான் வாசலில் நின்று மழையைப் பார்த்தேன்.

களத்தில் விழுந்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தேங்கவில்லை. கொட்டகைப் பக்கமிருந்து மரத்தை நோக்கி, பீமுக்கு அடியில் புகுந்து, வரிசையில் வந்த பள்ளிப்பிள்ளைகள் போல ஒரே திசையில் போய் ஓரத்துச் சாக்கடையில் இறங்கியது. இருபத்தைந்து வருடம் சிமென்ட் விற்றவன் என்பதால் ரசித்தேன். தண்ணீர் வடிய என்ன அருமையாக வாட்டம் கொடுத்திருக்கிறார் கொத்தனார் என்று நினைத்தேன். அவர் யாரென்று ரைட்டரிடம் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி ரசித்தேன் என்று தெரியவில்லை. பிறகு பீமைப் பார்த்தேன். அதுவும் அந்த வாட்டத்தின்மேல்தான் நின்றது.

கொத்தனார்கள் தளம் மட்டமா என்று வைத்துப் பார்க்கிற ரசமட்டம் என்று ஒரு சாமான் உண்டு. ஒரு முழ நீளச் சட்டம், நடுவில் கண்ணாடிக் குழாய், அதில் பச்சைத் தண்ணீர், ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம். என் கடையில், என் தலைக்குப் பின்னால், பதினைந்து வருடமாக அரை டஜன் தொங்குகின்றன. மறுநாள் காலை, மகள் மத்ரஸாவுக்குப் போனதும், ஒன்றை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். பீம்மேல் வைத்தேன். குமிழி கொட்டகைப் பக்க ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திருப்பி வைத்தேன். மறுபடியும் கொட்டகைப் பக்கமே போனது. ரசமட்டம் கெட்டுப்போயிருக்கும் என்று கடைக்குத் திரும்பிப் போய் இன்னொன்று எடுத்துவந்தேன். என் சரக்கின்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அந்தக் குமிழியும் அங்கேயே போனது. நூல் பிடித்து அளந்ததில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நாலு விரல் தாழ்வு.

மாரமங்கலத்துக்காரரைப் போனில் கூப்பிட்டு வரவழைத்தேன். ரைட்டரும் வந்து நின்றார்.

“களம் சாய்வா இருக்குதே, தெரியுமா உங்களுக்கு?”

இருவரும் என்னைப் பார்த்த பார்வை, தண்ணீர் ஈரமாக இருக்கிறதே தெரியுமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல இருந்தது.

“ஏனுங்க பாய், வாட்டம் இல்லாம களம் போடுவாங்களாங்க? தண்ணி நின்னா காப்பி பூசணம் புடிச்சுருமுங்களே” என்றார் மர வேலைக்காரர்.

“சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க நாலு காலும் ஒரே அளவான்னுதானுங்க பாத்தீங்க. ஒரே அளவுதான் வேணும்னு நெனச்சனுங்க. கேட்டிருந்தா ரெண்டு கால ஒசத்தி வெச்சிருக்க மாட்டனுங்களா?”

“சிமென்ட் கடை வெச்சிருக்கறவருக்கு நாம என்னத்த சொல்றதுன்னு இருந்துட்டோம்” என்று ரைட்டர் சேர்த்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. உதடு மட்டும் துடித்தது.

மலையில் களம் என்றாலே சாய்வு என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எட்டு மாதம் என் பிள்ளை ஓர் இறக்கத்தில், ஒரே திசையில், கீழே கீழே என்று உருண்டு பழகியிருக்கிறாள். கட்டை கொஞ்சம் தாழ்ந்துபோய்த்தான் வாங்கிக்கொள்ளும் என்று அவள் காலுக்குத் தெரியும். சேலத்தில் கட்டை தாழவில்லை. அவள் சொன்னபடியே, கால் இறங்குவதற்குள் கட்டை வந்துவிட்டது. அவளுக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை. எட்டு மாதம் அவளைத் தப்பாகப் பழக்கியவன் நான். பிறகு, பயம் என்று நானே பெயர் வைத்து, அதையும் உண்டாக்கினேன்.

டீச்சருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “இப்பவே மட்டம் பண்ணிருங்க சார். அஞ்சு நாள்ல ஒடம்பு மாத்திக்குமான்னு தெரியலீங்க. ஆனா கொழந்தகிட்ட சொல்லிருங்க.”

மரத்தின் பக்கமிருந்த இரண்டு கால்களுக்கும் அடியில் அளந்து மரத்துண்டு வைத்து மட்டமாக்கினோம். குமிழி நடுவில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? தானாகப் பழகிக்கொள்வாள். போட்டிக்கு முன்னால் பிள்ளையைக் குழப்புவானேன்? வீட்டில் மனைவியிடம் இந்த யோசனையை, குழந்தை உளவியல் என்று பெயர் சூட்டி முன்வைத்தேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “சொல்லலைன்னா அவளாலதான் முடியலைன்னு நெனச்சுட்டே இருப்பா. சொன்னா உங்களாலன்னு தெரியும். அதுக்குத்தான யோசிக்கறீங்க?”

அதற்குத்தான் யோசித்தேன்.

மாலையில் மகளைக் களத்துக்கு அழைத்துப்போய், ரசமட்டத்தை அவள் கையில் கொடுத்து, மரத்துண்டுகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப சேலத்து பீமு மேடு இல்லையா?”

“இல்ல கண்ணு. அது மட்டம். நம்மளுதுதான் எறக்கம்.”

“நா எல்லாமே இந்த மாதிரிதான் இருக்கும்னு நெனச்சேன். அங்கதான் தப்பா வெச்சிருக்காங்கன்னு.” கொஞ்ச நேரம் குமிழியை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். “நா சொன்னேன்ல? மேடா இருக்குன்னு சொன்னேன்ல? நீங்க மனசுன்னீங்க.”

“ஆமா.”

“பஸ்ஸு பூரா சொன்னீங்க.”

“ஆமா கண்ணு.”

அதற்குப் பிறகு போட்டி நாள்வரை என்னோடு நேராகப் பேசவில்லை. அவளுடைய அம்மா வழியாகத் தகவல் வரும். அதைவிடக் கொடுமை, மட்டமான பீமில் அவள் இங்கேயும் விழ ஆரம்பித்தாள். முன்பு சேலத்தில் வரவில்லை, களத்தில் வந்தது. இப்போது இரண்டு இடத்திலும் வரவில்லை. கைவசம் இருந்ததையும் பிடுங்கிவிட்டேன் என்று நான் மெத்தைகளைச் சரிசெய்கிற பாவனையில் பீமைச் சுற்றிச்சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் பத்தில் இரண்டு வந்தது. நான்காம் நாள் பாதி. ஐந்தாம் நாள் மழை.

போட்டி அன்று காலை பஸ்ஸில் என் பைக்குள் துண்டு எடுக்கக் கைவிட்ட மனைவி, ரசமட்டத்தை வெளியே எடுத்தாள். என்னைப் பார்த்தாள். டிபன் டப்பாவுக்கு அடியில் திரும்ப வைத்தாள். என் திட்டம் எளிமையானது: அரங்குக்குச் சீக்கிரம் போய், பீம்மேல் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிடுவது. அங்கே போனால் தகப்பன்கள் எல்லோருக்கும் கயிறு கட்டி ஒரு ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். கயிற்றைத் தாண்ட முயன்றபோது டீச்சர் ஓடிவந்தார். “சார், தயவுசெஞ்சு. அது மட்டமாத்தான் இருக்குமுங்க.”

மகள் முதல் முறையாக நேரடியாக என்னிடம் பேசினாள். “கொண்டாந்தீங்களா?”

பையைத் தொட்டுக் காட்டினேன்.

“வெச்சுப் பாக்க விடலையா?”

“விடல.”

“பரவால்ல” என்றாள். “நா பாத்துக்கறேன்.”

முறை வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் பீம்மேல் அரை நிமிடம் பழகிக்கொள்ளத் தருவார்கள். மற்றப் பிள்ளைகள் ஏறியதும் பரபரவென்று கார்ட்வீலும் குதிப்புமாகச் செய்து பார்த்தார்கள். என் மகள் ஏறி, மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். திரும்பினாள். அதே மெதுவில் திரும்பி நடந்தாள். நேரம் முடிந்தது. “ஒண்ணு போட்டுப் பாத்திருக்கலாமே சாமி” என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்தது. அவள் தன் காலால் ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் குமிழி எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். இரண்டு அடி. ஒரு திருப்பம், சுத்தமாக வந்தது. நின்றாள். கையைத் தூக்கினாள். அங்கே பார்ப்பதற்கு மரம் இல்லை. சுவரில் ஒரு மின்விசிறி இருந்தது. அதைப் பார்த்தாள். சாய்ந்தாள். ஒரு கை, மறு கை, முதல் கால் கட்டையின் ஓரத்தை உரசி வழுக்கியது. மெத்தையில் இருந்தாள்.

இப்போது ஒரு விதி. பீமிலிருந்து விழுந்தவர் மறுபடி ஏறப் பத்து நொடிதான் அவகாசம். இன்னொன்று: விழுந்த அசைவை மறுபடி செய்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அதற்குரிய மதிப்பு கிடைக்காது, அவ்வளவுதான். இரண்டும் எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததால் அவளுக்கும் தெரியும். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நடந்து, இறங்கி, வீட்டுக்கு வந்துவிடலாம். நம்மூர்லதான் வரும், வெளிய வராது.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். அவள் எழுந்து முழங்காலைத் தடவினாள். நாலு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டையைப் பார்த்தாள், கடையில் சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் பார்ப்பது போல. ஆறு. என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது மறுநாள் நகக்குறியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏழில் கட்டைமேல் கை வைத்தாள். எட்டில் மேலே இருந்தாள்.

நின்றாள். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஆனால் கையைத் தூக்குகிறாளா இல்லையா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

தூக்கினாள்.

கை, கை, கால். இரண்டாவது கால். நின்றது. நின்றது என்றால், இடுப்பு வடக்கே போனது, தோள் தெற்கே போனது, இரண்டு கையும் காக்கா விரட்டுவது போலச் சுழன்றன, ஒரு கால் காற்றில் ஏறி இறங்கியது. ஒரு பங்கு கழியுங்கள், மூன்று கழியுங்கள், ஐந்தும் கழித்துக்கொள்ளுங்கள் என்று மனத்துக்குள் நடுவர்களிடம் கெஞ்சினேன். என்ன வேண்டுமானாலும் கழியுங்கள், மேலே இருக்கட்டும். இருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கட்டைமேலேயே இருந்தாள். பிறகு மிச்சத்தையும் செய்துவிட்டுக் குதித்து இறங்கி, இரண்டு கையையும் தூக்கி நடுவர்களைப் பார்த்து நின்றாள்.

பதினேழு பேரில் பதினான்காவதாக வந்தாள். டீச்சர் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். “அந்த தள்ளாட்டத்துக்கு எத்தன கழிச்சிருப்பாங்க அத்தா?”

“அஞ்சு பங்கு. பெரிய தப்பு.”

“விழுந்ததுக்கு?”

“முழுசா ஒண்ணு.”

“மறுபடி ஏறுனதுக்கு?”

“அதுக்குக் கூட்ட மாட்டாங்க” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, அது தப்பான விதி என்றாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன்.

அடிவாரம் தாண்டியதும் என் பைக்குள் கைவிட்டு, டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வளைவில் பஸ் சாய்ந்தது. குமிழி ஓடிப்போய் அவளுடைய அம்மா பக்கம் ஒட்டியது. அடுத்த வளைவில் என் பக்கம் வந்தது.

“பாருங்க அத்தா, பாருங்க. நடுவுல நிக்கவே மாட்டேங்குது.”

நான் வழக்கம்போல் கண்ணை மூடியிருந்தேன். முழங்கையால் இடித்தாள். திறந்தேன். மூடினால் மறுபடி இடித்தாள். அப்படியே ஒவ்வொரு வளைவாக, குமிழி அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, ஊர் வந்து சேர்ந்தோம்.